கட்டுப் பிரிக்கும் நேரம்

காலை பத்து மணி ஆகப் போகிறது என்றாலே சோலையம்மாள் வார்டு வாசலையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். பத்து மணிக்குத்தான் கட்டுப் பிரிக்க வருவார்கள்.

அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்தபோது, அவள் அடுத்த அறையில் திரி செருகிக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டு வெளியே ஓடியதில் முகம் தப்பியது. கைகள் முழங்கை வரைக்கும் வெந்துபோயின. அவளோடு உட்கார்ந்திருந்த பொன்னுத்தங்கத்துக்கு முதுகும் கால்களும். இருவரையும் விருதுநகர் ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் கொசுவலைக்குள் படுக்கவைத்திருந்தார்கள்.

கட்டுப் பிரிக்கும் நர்ஸ் பெயர் இசைவாணி. முப்பது வயதிருக்கும். மருந்துத் தண்ணீரை ஊற்றித் துணியை ஊறவைத்துத்தான் பிரிப்பாள். எவ்வளவு ஊறினாலும் கடைசிச் சுற்று சதையோடு ஒட்டிக்கொண்டு வரும். அந்தச் சுற்றுக்கு வந்ததும் அவள் பாடத் தொடங்குவாள். வார்த்தை எதுவும் இருக்காது. ஒரு ராகம் மட்டும் மேலே ஏறி, கொஞ்சம் நின்று, மெல்ல இறங்கும்.

முதல் இரண்டு நாள் சோலையம்மாள் போட்ட கூப்பாட்டில் அது அவள் காதில் விழவில்லை. மூன்றாம் நாள் விழுந்தது. ஆத்திரமாக வந்தது.

"நான் உசுரு போகக் கத்துறேன். உனக்குப் பாட்டு கேக்குதோ?"

இசைவாணி சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

சோலையம்மாளின் புருஷன் இருளாண்டி சிவகாசியில் ஒரு லாரி செட்டில் லோடுமேன். அரை நாள் வேலையை விட்டுவிட்டுத் தினமும் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தான். அன்று அவன் வராந்தாவில் இசைவாணியை நிறுத்தினான்.

"சிஸ்டரு, சொல்றேன்னு கோவிச்சுக்கிராதீக. வலியில கெடக்கறவ முன்னால பாடுறது நல்லாவா இருக்கு?"

"அவுகளுக்காகப் பாடலண்ணே. எனக்காகத்தான் பாடுறேன். பாடலைன்னா என் கை நடுங்குது."

இருளாண்டி தலையை ஆட்டிவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் இசைவாணி பாடவில்லை. அவள் சொன்னபடியே கை நடுங்கியது. பாதித் துணியை இழுத்தாள், நிறுத்தினாள், மறுபடி இழுத்தாள். இது எப்போது முடியும் என்பது சோலையம்மாளுக்குத் தெரியவில்லை. முந்தைய நாட்களில் அது எப்படியோ தெரிந்திருந்தது. ராகம் மூன்றாம் முறை இறங்கும்போது துணி கையை விட்டுப் போய்விடும். அவளுக்கே தெரியாமல் உடம்பு அதைக் கணக்கில் வைத்திருந்திருக்கிறது.

அதற்கு அடுத்த நாள் அவளே கேட்டாள்.

"பாடு தாயி."

"நீங்கதான வேண்டாம்னீக?"

"பாடுனா வலி கொறையாது. அது எனக்குத் தெரியும். ஆனா எம்புட்டு நேரம்னு தெரிஞ்சுபோகும்ல. சும்மா கெடந்தா இது முடியவே முடியாதுன்னு தோணுது."

குப்புறப் படுத்திருந்த பொன்னுத்தங்கம் தலையணையில் முகத்தை வைத்தபடியே, "எனக்குப் பாடுறப்ப கொஞ்சம் சுருக்கிப் பாடும்மா" என்றாள். அந்த வார்டில் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தது அன்று ஒருநாள்தான்.

மூன்றாவது வாரம் பொன்னுத்தங்கத்துக்குக் காய்ச்சல் கண்டது. புண்ணில் பட்ட கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். ஐந்தாம் நாள் விடிந்து சற்று நேரத்தில் இறந்துபோனாள். எட்டரை மணிக்கெல்லாம் அந்தக் கட்டிலைக் கழுவித் துடைத்து வேறு விரிப்புப் போட்டுவிட்டார்கள்.

பத்து மணிக்கு இசைவாணி வந்தாள். கண் வீங்கியிருந்தது. துணியை ஊறவைத்தாள், சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். கடைசிச் சுற்று வந்தது. பாட்டு வரவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டே சோலையம்மாள் கேட்டாள், "ஏன் தாயி?"

"அந்த அக்காவுக்கும்தான பாடுனேன். என்னத்தக் கண்டேன்?"

சோலையம்மாள் காலியாகக் கிடந்த கட்டிலைப் பார்த்தாள். திரி செருகும்போது பொன்னுத்தங்கத்தின் முழங்கை இவள் மேல் இடித்துக்கொண்டே இருக்கும். எத்தனை தடவை அதற்காகச் சண்டை போட்டிருப்பாள்.

"அவ சாகக்கூடாதுன்னா நீ பாடுன?"

இசைவாணி ஒட்டியிருந்த துணியில் இன்னும் கொஞ்சம் மருந்துத் தண்ணீரை ஊற்றினாள்.

"அது டாக்டர் பாடு, சாமி பாடு. நீ பாடுன நேரத்துல அவ தனியாக் கெடக்கல. வேற யாரும் அவளுக்கு அதக்கூடச் செய்யலையே."

அதைக் கேட்ட பிறகும் இசைவாணியால் அன்று பாட முடியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேலையை முடித்தாள். மறுநாள் பாடினாள். ராகம் மேலே ஏறாமல் பாதியிலேயே உடைந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். சோலையம்மாள் பொறுத்துக்கொண்டு கிடந்தாள்.

நாற்பத்தொன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். புண் ஆறியிருந்தது. ஆனால் தோல் இறுகி விரல்கள் பாதி மடங்கினாற்போல் நின்றுவிட்டன. தினமும் எண்ணெய் தேய்த்து ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டவேண்டும், வலித்தாலும் விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

திருத்தங்கலில் அவர்களுடைய வீட்டில் காலையில் வேலைக்குப் போகுமுன் இருளாண்டிதான் அதைச் செய்தான். முதல் நாள் மூன்றாவது விரலிலேயே அவள் கையை உருவிக்கொண்டாள். அவன் வற்புறுத்தவில்லை. மூட்டை தூக்கும் அந்தக் கைக்கு அவள் விரலைப் பிடிக்கவே பயமாக இருந்தது.

இரண்டாம் நாள் அவள் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினான். பிறகு, செட்டில் பட்டாசுப் பெட்டிகளை லாரியில் ஏற்றும்போது அவை போகும் ஊரைச் சொல்லிக் கூவுவார்களே, அதே இழுவையில் ஆரம்பித்தான்.

"சேலம்ம்ம்... ஓசூரூரூ... பெங்களூரூ..."

"என்ன செய்றீக?"

"எனக்குப் பாட வராதுல்லா. இதுதான் தெரியும். பாட்னாவோட முடிஞ்சுரும், பொறுத்துக்கோ."

அவன் குரல் கரகரவென்று இருந்தது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு விரல் மடங்கியது. ஹூப்ளியில் அவள் உதட்டைக் கடித்தாள். நாக்பூரில் வாய்விட்டு அழுதாள். அவன் குரல் தடுமாறியது. ஆனால் நிற்கவில்லை. இந்தூர், ஜபல்பூர் என்று போய்க்கொண்டே இருந்தான். பாட்னா வந்தபோது அவளுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட்டன. மற்ற மூன்றும் அவன் பிடியை விட்டதும் பழைய இடத்துக்கே வந்து நின்றன.

இருளாண்டி அவள் கையில் மிச்சமிருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு லோடு ஏற்றப் போனான். சோலையம்மாள் உட்கார்ந்த இடத்திலேயே சுவரில் சாய்ந்தாள். வெயில் கால்வரைக்கும் ஏறி வந்தது. தள்ளி உட்காரவும் தெம்பில்லாமல் அப்படியே தூங்கிப்போனாள்.