ஆபிதா நடத்திய முஸ்அப் பாடம்

எழுந்ததும் மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்பியதும் நிறுத்தினேன். பால் காய்ச்சினேன். டீ குடித்தேன். ஷேவ் செய்துகொண்டேன். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். கம்பெனிக்கு லீவு சொல்லியிருந்தேன். அன்று என் மனைவி ஆபிதா இறந்த நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுகிறார்கள்.

அவள் மாலையில் மதரஸாவில் சிறுமிகளுக்குப் பாடம் எடுத்தாள். முஸ்அப் பின் உமைர் அவளுக்குப் பிடித்த நபித்தோழர். மக்காவில் உயர்ந்த ஆடை உடுத்திய பணக்கார இளைஞர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மார்க்கம் சொல்லிக்கொடுக்க மதீனாவுக்குப் போனவர். உஹத் போரில் கொல்லப்பட்டபோது போர்த்த ஒரே துணிதான் இருந்தது. தலையை மூடினால் கால் தெரிந்தது. காலை மூடினால் தலை தெரிந்தது.

"எங்கத்தா கம்பெனில கட் பீஸு மூட்டை மூட்டையா கெடக்குதுங்க மிஸ்" என்றாளாம் ஒரு சிறுமி. அதைச் சொல்லி ஆபிதா சிரித்தாள்.

முஸ்அபின் மனைவி ஹம்னாவைப் பற்றியும் சொல்வாள். சகோதரர் இறந்த செய்தியைப் பொறுமையாகக் கேட்ட ஹம்னா, கணவர் இறந்த செய்திக்கு அலறினார்.

"புருசனுக்கு அப்புறந்தானுங்க அண்ணன்" என்பாள்.

அவளுடைய அண்ணன் இலியாஸ் மச்சான் பள்ளிவாசல் ஹஜரத்தோடு வந்தார். கூடம் நிறைந்திருந்தது. மச்சான் என்னைச் சமையலறைக்குள் அழைத்தார்.

"மாப்ளை, புள்ள கலிமா சொல்லித்தான் போச்சுன்னு ஹஜரத் பேசப் போறாருங்க. கேட்டா ஆமான்னு சொல்லிருங்க."

"அப்ப நீங்க அங்க இல்லையே மச்சான்."

"அவகிட்ட படிச்ச புள்ளைங்க வந்திருக்குதுங்க. ஒரு வார்த்தைதானே, என்ன கொறைஞ்சு போயிரும்?"

"அவளுக்கு ரத்தப் புற்றுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அடுப்பைப் பார்த்தார். "நோம்புக்கு முந்தியே. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

என்னிடம் ரத்தசோகை என்றார்கள் இருவரும். மச்சான்தான் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனார். நான் மாதுளை வாங்கி வந்தேன்.

உயிர் பிரியும் நேரத்தில் காதருகே இறைநம்பிக்கை வாக்கியமான கலிமாவைச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். பிரியப் போகிறது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். மச்சானுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும். பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியாது.

கூடத்துக்குப் போனோம். சிறுமிகள் முன்வரிசையில் இருந்தார்கள். ஹஜரத் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானுங்க தம்பி கூட இருந்தீங்க. கடைசியா அந்தப் புள்ள என்ன சொல்லுச்சுங்க?"

மச்சான் தலையை லேசாக ஆட்டினார்.

அவள் சொன்னதைச் சொன்னேன்.

"நீங்க வெளீல இருங்க. அண்ணனை வரச் சொல்லுங்க."