முழங்கையின் கீழே ஒரு கை

கார்காலம் தன் முழக்கமெல்லாம் அடங்கி விடைபெற்றிருந்தது. கூதிர்க் குளிர் அரசு புரியத் தொடங்கிய நாள்கள் அவை. வானம் பகலிலும் கண் திறவாது கிடந்தது. இலை நுனியில் தங்கிய நீர், விழலாமா வேண்டாமா என்று நெடுநேரம் எண்ணிப் பார்த்துப் பின்பு விழுந்தது. இத்தகைய பருவத்தில் மனித மனம் முன்னோக்கி நடப்பதில்லை. பழைய நாள்களின் வெம்மையைத் தேடிப் பின்னோக்கியே நடக்கும்.

சாப்பாட்டு மேசையைத் துடைத்தபடியே அவள் கணவரின் வலக் கையைப் பார்த்தாள். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப்போல அது மேசைமேல் கிடந்தது. நகரப் பேருந்தின் பெரிய ஸ்டீயரிங் வளையத்தைப் பூத்தொடுப்பதுபோல் திருப்பிய கை அது. வளைவுகளிலும் பயணிகளின் உறக்கம் கலையாது. ஆகையால் அவருக்குத் 'தாலாட்டு டிரைவர்' என்றே பெயர். மணமான புதிதில் அவர் வண்டியின் முன் இருக்கையில் அமர்ந்து செல்வாள். திருப்பம் வரும்போதெல்லாம் பயந்து காலால் தரையை அழுத்துவாள். "நீ அங்க பிரேக் போட்டா வண்டி இங்க நிக்காதும்மா!" என்று அவர் சிரிப்பார். பணி முடிந்து வந்ததும் இரு கரமும் கூப்பி விளக்கின்முன் ஒரு கணம் நிற்பார்.

பக்கவாதம் வந்தபின், விளக்கை அவள் ஏற்றும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒற்றைக் கையால் கும்பிட அவருக்கு மனம் வரவில்லை.

மருத்துவமனை வெகு தொலைவு. ஆதலால், அன்றாட வேலைகளைக் கைக்கு மீண்டும் பழக்கும் தெரபிஸ்ட் வாரந்தோறும் செல்போன் திரையில் வந்தார். முதல் நாள், தண்ணீர்க் குவளையை வலக் கையால் எடுத்துக் குடிக்கச் சொன்னார். குவளை சாய்ந்தது; சட்டை நனைந்தது; ஊரையே சுமந்து ஓட்டியவரின் உதடு குழந்தையினுடையதுபோல் துடித்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வாரம் மேசையோரம் தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து, செல்போனின் கண்ணுக்கு எட்டாத இடத்திலிருந்து அவர் முழங்கையைத் தன் உள்ளங்கையால் தாங்கினாள். குவளை உதட்டுக்கு ஏறியது. திரையில் கைதட்டல் கேட்டது. அன்பு பெற்றெடுத்த பொய்யாதலால், அது பொய்யென்றே அவளுக்குத் தோன்றவில்லை. மற்ற நாள்களில் ஊட்டுவதும் பொத்தான் போடுவதும் அவளே.

இன்றும் குவளை ஏறி இறங்கியது.

"அருமை ஐயா! இவ்வளவு சீக்கிரம் யாரும் தேறினதில்ல," என்றார் தெரபிஸ்ட். "இன்னையோட முடிச்சுக்கலாம். உங்க நேரத்தைக் காத்துக்கிட்டிருக்கிற இன்னொருத்தருக்குக் குடுத்துடறேன்."

முழங்கையின் கீழே கையை வைத்தபடியே அவள் அண்ணாந்து பார்த்தாள். கணவர் திரையைப் பார்க்கவில்லை. மூலையிலிருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, முடிச்சிடாதீங்க!" எழுந்த வேகத்தில் மேசை விளிம்பு தலையில் இடித்தது.

"அம்மா! நீங்க எங்கேருந்து முளைச்சீங்க?"

"தூக்குனது அவர் இல்லம்மா, நான்தான். நனைஞ்ச சட்டையோட அவர் உக்காந்திருந்ததைப் பார்க்க முடியல..."

"நானும்தான்..." கணவர் நாக்குழறச் சொன்னார். "வாயை மூடிக்கிட்டு... குடிச்சேனே."

தெரபிஸ்ட் பெருமூச்சோடு புன்னகைத்தார். "அப்போ இத்தனை நாளா நல்லா இருக்கிற உங்க கைக்குத்தான் வைத்தியம் பார்த்தேனா? நானும் கவனிச்சிருக்கணும். அம்மா, கை எங்க தடுமாறுதோ அங்கதான் என் வேலையே இருக்கு. கொட்டினா துடைக்கத் துணி இருக்கு. தூக்கிப் பார்க்காத கைக்கு மருந்தே இல்ல. போனைத் தள்ளி வைங்க, ரெண்டு பேரும் தெரியணும். அவர் தூக்கட்டும். நீங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

"ஐயோ, அது ரொம்பக் கஷ்டமாச்சே!"

"அதான் உங்களுக்கு நான் குடுக்கிற பயிற்சி."

நோய் வந்தபின் முதன்முறையாக அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பக்கத்து சீட்டுக்காரி... ஸ்டீயரிங்கைப் பிடிச்சா... டிரைவருக்கு ஓட்டவே மறந்துடும்மா."

பழைய பேருந்தின் தரை தன் பாதத்தின் கீழ் அதிர்வதுபோல் அவளுக்கு இருந்தது. அப்போதும் அவள் பயந்தாள். ஆனால் அவரை ஓட்ட விட்டாள். நோயுற்றவரின் வேலையைப் பறித்துக்கொள்ளும் அன்பு, அவருடைய கையையும் சேர்த்தே பறித்துக்கொள்கிறது என்பது அவளுக்கு அப்போது விளங்கிற்று.

அதன்பின் எத்தனையோ சட்டைகள் நனைந்தன. கூதிர் கழிந்து பனி இறங்கிய ஒரு மாலை, அவள் விளக்கேற்றித் திரும்பினாள். அவர் எழுந்து நின்றிருந்தார். இடக் கை மார்பருகே காத்திருந்தது. வலக் கை நடுங்கி எழுந்தது, பாதியில் நின்றது. அவளுடைய கைகள் தாமாகவே முன்னோக்கித் தாவின. அவற்றை முதுகின் பின்னே இறுகக் கோத்துக்கொண்டாள். அந்தக் கை மீண்டும் ஏறியது. மடங்கிய விரல்கள் இடக் கையைத் தொட்டன. கோணலான கும்பிடுதான், ஆயினும் முழுவதும் அவருடையது.

தளர்ந்த கைகள் யாவும் வலிமை மீளப் பெறுக. தாங்கும் கைகள் யாவும் விலகி நிற்கும் பொறுமை பெறுக. வீடுதோறும் விளக்கு நின்று எரிக.