டூல்ஸ் பெட்டியில் மணல்

லிப்ட்காரர் ஆயுள் முழுக்க அடுத்தவர்களை மேல்மாடிக்கு ஏற்றி இறக்கிவிட்டு, தான் மட்டும் தரையோடு தரையாக ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தவர். லிப்ட் ரிப்பேர்தான் அவர் தொழில். அவர் தோட்டத்துக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு கம்பிவேலி. என் முழங்கை பட்டுப் பட்டு அந்த வேலியில் ஓரிடம் பளபளவென்று ஆகிவிட்டது என்பார். என் துணி காயப்போடுகிற இடம் அங்கேதான் இருக்கிறது, நான் என்ன செய்ய?

அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பகலெல்லாம் அங்கே சிவப்பு, வீட்டுக்கு வந்தால் தோட்டத்தில் பீட்ரூட் சிவப்பு. சாதாரண பீட்ரூட் இல்லை. அண்ணியின் அம்மாவுக்கு அவளுடைய அத்தை கொடுத்து, அங்கிருந்து அண்ணி கைக்கு வந்த விதை. எந்தக் கடையிலும் கிடைக்காது. குறுக்கே வெட்டினால், யாரோ காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி சிவப்பும் வெள்ளையுமாக வளையங்கள்.

பீட்ரூட் முதல் வருஷம் கிழங்கோடு சரி. விதை வேண்டுமென்றால் நல்ல கிழங்காகப் பார்த்துப் பிடுங்கி, குளிர்காலம் முழுக்க மணலில் புதைத்து வைத்து, குளிர் விட்டதும் திரும்ப நட வேண்டும். அப்புறம்தான் தண்டு நீண்டு, பூத்து, விதை பிடிக்கும். அதனால் ஒவ்வொரு வருஷமும் உருண்டையாக, மழமழவென்று இருப்பதெல்லாம் மணலுக்குப் போகும். வெடித்தது, கோணியது, புழு ருசி பார்த்தது எல்லாம் லிப்ட்காரர் தட்டுக்கு வரும்.

"கல்யாணம் ஆனதிலேருந்து எனக்குச் சொத்தைதான்மா. நல்லதெல்லாம் மணலுக்குப் போடுறா," என்று வேலியோரம் வந்து என்னிடம் புகார் சொல்வார்.

"மணல் உப்பு இல்ல, உறைப்பு இல்லன்னு சொல்லாது," என்று உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வரும்.

அந்தக் குரல் போய்விட்டது. படுத்த படுக்கையாக இருந்த காலத்தில் தோட்டம் காய்ந்து கட்டாந்தரை ஆயிற்று. ஒரே மகள் வெளியூரில் இருந்தாள். எல்லாம் முடிந்த மறுநாள்தான் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். விமானம் கிடைக்கவில்லை என்றாள். லீவு கிடைக்கவில்லை என்று நான் கேள்விப்பட்டேன். எதுவானால் என்ன, லிப்ட்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு அழவாவது சாக்குக் கிடைத்திருக்கும்.

அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் பேசியதெல்லாம் போனில்தான். காது மந்தம் என்பதால் அவர் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நானாகப் போய் ஒட்டுக் கேட்டதில்லை. "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." "மாத்திரை?" "போட்டாச்சு." "சரிப்பா." வானிலை அறிக்கை இதைவிட உருக்கமாக இருக்கும்.

ஒருநாள் அலமாரியைக் குடைந்து அண்ணியின் விதை பாட்டிலைக் கண்டுபிடித்தார். அடியில் கொஞ்சம்தான் இருந்தது, அதுவும் பழசு. அப்படியே எல்லாவற்றையும் கொட்டி விதைத்துவிட்டார்.

"கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கலாமே அண்ணா."

"வச்சா மட்டும் இளசாவா ஆகப்போகுது?"

முளைத்தது சொற்பம். அதில் பாதியை நத்தை தின்றது. மிச்சத்துக்கு அவர் காவல் இருந்த அழகைப் பார்க்க வேண்டுமே! சொந்தக் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு நேரம் நின்றிருக்க மாட்டார். கடைசியில் தேறியது மூன்று கிழங்கு. மூன்றையும் அண்ணி பார்த்திருந்தால் கன்னத்தில் வைத்துக்கொண்டிருப்பாள், அப்படி ஒரு வழவழப்பு.

அண்ணியின் மணல் தொட்டி எப்போதோ உடைந்து போயிருந்தது. தன் டூல்ஸ் பெட்டியைக் காலி செய்து, ஸ்பேனர்களையெல்லாம் அடுக்களை இழுப்பறையில் கரண்டிகளோடு போட்டுவிட்டு, பெட்டியில் மணலை நிரப்பி மூன்றையும் புதைத்தார்.

"இதுவும் போச்சுன்னா அவ்வளவுதான்மா. இந்த வகையே இல்ல," என்றார். குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுகிற மாதிரி மணலைத் தடவிவிட்டு மூடினார்.

குளிர் முடிகிற சமயம் மகள் வந்தாள், சொல்லாமல் கொள்ளாமல். வந்தவள் வீட்டைத் தலைகீழாகப் புரட்ட ஆரம்பித்தாள். திரைச்சீலை துவைத்தாள், ஜன்னல் துடைத்தாள். தாமதமாக வந்தவர்களுக்குக் கை சும்மா இருக்காது. இரண்டாம் நாள் லிப்ட்காரர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். தோட்டத்தில் மணல் கொட்டுகிற சத்தம் கேட்டது. துணியெல்லாம் காயப்போட்டு முடித்துத்தான் எட்டிப் பார்த்தேன். டூல்ஸ் பெட்டி கழுவிக் கவிழ்த்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

அடுக்களையில் மூன்று கிழங்கும் வட்டம் வட்டமாகப் பலகையில் கிடந்தன. தலைப்பகுதிகள் குப்பைக்கூடையில். அவள் முகம் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் இருந்தது.

"அத்தை, இதப் பாருங்க! அம்மாவோட பீட்ரூட். இன்னும் இருக்கு!" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அப்பாவுக்கு நினைவு தப்புதா அத்தை? கரண்டி வைக்கிற இடத்துல ஸ்பேனர் இருக்கு. டூல்ஸ் பெட்டில காய்கறி. மணலப் போட்டு மூடி வச்சிருக்காரு."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் வாசலில் அவர் வந்து நின்றுவிட்டார். பின்கழுத்தில் முடித்துணுக்குகள் ஒட்டியிருந்தன. பலகையைப் பார்த்தார். ஜன்னல் வழியாகப் பெட்டியைப் பார்த்தார்.

"அப்பா, அம்மா செய்யற மாதிரியே வேக வச்சுத் தரேன். எங்கயோ வச்சு மறந்துட்டீங்க. நல்லவேளை, அழுகல."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் வாய் தானாக மூடிக்கொண்டது. இந்தத் தெருவில் யாராலும் முடியாத காரியம் அது.

"ஆமாம்மா," என்றார். "மறந்துட்டேன்."

ஆவியில் வெந்தால் அந்த வளையங்கள் மங்கிவிடும். தட்டில் வந்தபோது எல்லாம் ஒரே வெளிர் ரோஸ் நிறம். எலுமிச்சை பிழிந்து, மிளகு தூவி, அவருக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒன்று விடாமல் சாப்பிட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து முதல் முறையாக நல்ல கிழங்கு.

"அம்மா கை மாதிரி இருக்காப்பா?"

"அதைவிட நல்லா இருக்கு."

அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கே வந்திருக்கணும்ப்பா, அன்றைக்கே வந்திருக்கணும் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். நான் கிளம்பிவிட்டேன். கிளம்பத் தெரியாதவள் இல்லை நான்.

மறுநாள் காலையில், குப்பையிலிருந்து பொறுக்கிய மூன்று தலைகளையும் அவர் தோட்ட மூலையில் நட்டுக்கொண்டிருந்தார். வெட்டு மிகவும் ஒட்ட விழுந்திருந்தது, துளிர்க்கக் கிழங்கு மிஞ்சவில்லை. ஒரு வாரம் நிறம் மாறாமல் கிடந்தன, பிறகு கறுத்துக் குழைந்துபோயின.

அதற்குள் மகள் ஊருக்குக் கிளம்பியிருந்தாள். கிளம்புவதற்கு முதல் நாள் ஒன்று கேட்டாள்: "அம்மாவோட விதை கொஞ்சம் குடுங்கப்பா. நானும் போடறேன். பால்கனிக்குக் கீழ கொஞ்சம் மண் இருக்கு."

மறுநாள் கிளம்பும்போது அவர் உள்ளே போய் அண்ணியின் பாட்டிலைக் கொண்டுவந்தார். கழுத்துவரை விதை. அவள் அதைக் கைப்பையில் வைக்கவில்லை, ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டாள். அவள் கார் தெருமுனை திரும்பியதும் என் பார்வை தற்செயலாக அவர் குப்பைக்கூடையில் விழுந்தது. கடை விதைப் பாக்கெட்டுகள் கிழிந்து கிடந்தன, எல்லாவற்றிலும் முழுச் சிவப்பாக ஒரு பீட்ரூட் படம்.

இப்போதெல்லாம் போன் நீளமாக ஓடுகிறது. முளை வந்தது, இலை வந்தது, பூனை வந்து படுத்தது என்று அவள் எல்லாம் சொல்கிறாள். போன வாரம் நான் துணி எடுக்கப் போனபோது அவள் குரல் உடைந்திருந்தது.

"வெட்டிப் பாத்தேன்ப்பா. ஒரே சிவப்பு. கோடே இல்ல. நான் எதாவது தப்பு பண்ணிட்டேனா?"

அவர் போனை மறு கைக்கு மாற்றினார். டூல்ஸ் பெட்டி பக்கத்திலேயே இருந்தது. ஸ்பேனர்கள் இன்னும் அதற்குத் திரும்பவில்லை.

"உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. மண்ணு மாறினா அப்படித்தான்."

"அடுத்த தடவ வருமா?"

"நல்லதா ரெண்டு எடுத்து மணல்ல வை. சாப்பிட்டுடாத. சொத்தையை மட்டும் நீ சாப்பிடு."

"அம்மா மாதிரியே பேசறீங்க," என்று அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

போனை வைத்துவிட்டு அவர் திரும்பினார். வேலியில் என் முழங்கை இருந்தது.

"என்னம்மா, எல்லாம் கேட்டாச்சா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல அண்ணா," என்றேன்.