மூக்கில்லாத படகு

ஓய்வு பெற்றதும் பாய்மரப் படகில் குடியேறியது பூகோள வாத்தியாரின் யோசனை. முப்பத்திரண்டு வருஷம் சுவரில் மாட்டிய படத்தில் கடலைக் குச்சியால் தொட்டுக் காட்டியவருக்கு, அது நனைக்கும் என்பது இப்போதுதான் தெரியவந்தது. அவரைவிட அதிகம் நனைந்தவர் மனைவி, பல் டாக்டர்.

பெரிய படகு ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்குப் போய்வர ஒரு சின்னப் படகு வேண்டும். அவர்களிடம் இருந்தது காற்றடைத்த ரப்பர் படகு. துறைச் சுவரில் ஒட்டியிருந்த சிப்பிகள் கிழித்துக் கிழித்து, ஒரு திங்கட்கிழமை பாதி வழியில் அது மூச்சை விட்டது. காய்கறிப் பையோடு கழுத்தளவு தண்ணீரில் டாக்டர் கரையேறினார்.

"இனிமே கெட்டியான படகுதான். சிப்பி குத்தினா கிழியக்கூடாது, நான் ஏறினா கவிழக்கூடாது."

மறுநாள் காலையிலேயே படகுப் பட்டறைக்குப் போனார்கள். துறையோரம் மிதந்த ஒன்றைப் பார்த்ததும் வாத்தியார் சொக்கிப்போனார். ஒடிசலான உடம்பு, கூரான மூக்கு, முகம் பார்க்கலாம் போல வார்னிஷ்.

"அன்னம் மாதிரி இருக்கு பாரேன்!"

"அன்னத்து மேல உக்கார நான் என்ன சரஸ்வதியா?"

பட்டறைக்காரர் குறுக்கே வந்தார். "இருபது வருஷமா விக்கிறேன் மேடம். ஒருத்தர்கூட வந்து குறை சொன்னதில்ல."

"மூழ்கினவங்க எப்படி வந்து சொல்லுவாங்க? நடுவுல உக்காந்தா எதுவும் ஆடாது. நான் எப்பவும் ஓரத்துலதான் கால் வைப்பேன். எங்க, நீங்க ஓரத்துல நின்னு காட்டுங்க."

பட்டறைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. நின்றார். அன்னம் புரண்டது. "ஐயோ!" என்று வாயைப் பிளந்தபடி அவர் தண்ணீருக்குள் போனார். வாத்தியார் பதறி ஓடி, முதலில் படகைத்தான் பிடித்தார்.

டாக்டரின் கண் அதற்குள் வேறெங்கோ போயிருந்தது. சற்றுத் தள்ளி, முன்பக்கத்தை அரிவாளால் வெட்டி எடுத்தது போல ஒரு சப்பைப் படகு. அதன் விளிம்பில் உட்கார்ந்து பட்டறையின் பெயின்டர் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெயின்ட் டப்பாக்களும் அதே பக்கம். படகு சாயவேயில்லை.

டாக்டர் கேட்காமல் கொள்ளாமல் அதே விளிம்பில் காலை வைத்து ஏறினார். படகு இரண்டு விரல்கடை தாழ்ந்து, அப்படியே நின்றது.

"இது ஏன் கவிழல?"

"அடி தட்டை, அகலம் ஜாஸ்தி. மூக்கு இல்லாததால முன்னாடியும் அதே அகலம்மா," என்றார் பெயின்டர், நகர்ந்து இடம் விட்டபடி.

வாத்தியார் டேப்பை நீட்டி அளந்தார். "மாட்டுத் தொட்டி மாதிரி இருக்கு. பயணம் கிளம்பினா இதைத் தூக்கி நம்ம மேல்தட்டுலதான் வைக்கணும். அங்க ஏழடிதான் இடம், இது ஏழரை. என் படுக்கைக்கு மேல இருக்கிற ஜன்னல் மூடிடும்."

"திறந்திருந்தப்ப மட்டும் என்னத்தைப் பார்த்தீங்க?"

சொட்டச் சொட்ட வந்த பட்டறைக்காரர், அது வேலைக்கு வைத்திருப்பது, விற்பதற்கில்லை என்றார்.

"கீழ வலது பக்கம் கடவாய்ப்பல் ரொம்ப நாளா வலிக்குதோ?" என்றார் டாக்டர்.

அவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டார். "எப்படித் தெரியும்?"

"விழும்போது அவ்வளவு பெரிசா வாயைத் திறந்தீங்களே. நல்ல சொத்தை."

டாக்டர் பட்டறை முக்காலியில் அவரை உட்காரவைத்து டார்ச் அடித்துப் பார்த்தார். பல்லைப் பிடுங்கினால் படகு என்று பேரம் முடிந்தது. பல் மறுநாள் வந்தது, படகு அன்றே வந்தது. "அப்ப நான் எங்க சாப்பிடுறது?" என்று பெயின்டர் கேட்டதற்கு, பட்டறைக்காரர் அன்னத்தைக் கரையில் கவிழ்த்துப் போட்டு, "இதுல உக்காரு" என்றார்.

திரும்பும்போது துடுப்பு வலித்தவர் வாத்தியார். அகலமான படகு லேசில் நகரவில்லை.

"தோள் வலிக்குது."

"வலிக்கத்தானே உக்காரவெச்சிருக்கேன்."

பெரிய படகை அடைந்ததும் டாக்டர் எழுந்து நின்றார். வாத்தியார் பழக்கதோஷத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. திறந்து பார்த்தால், மனைவி புடவை நுனிகூட நனையாமல் மேலே நின்று, அவர் ஏறக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

மேலே ஏறி நின்று பார்த்தபோதும் அது தொட்டி மாதிரிதான் தெரிந்தது. ஆனாலும் கயிற்றில் போட்ட இரண்டு முடிச்சு போதாதென்று வாத்தியார் குனிந்து மூன்றாவதையும் போட்டார்.