குடுவையில் தேறிய எண்ணெய்

எண்பத்து மூன்றில் ஆரணி மண்ணெண்ணெய் டிப்போவில் நான் கிளார்க். லாரி வந்தால் கண்ணாடிக் குடுவையில் எண்ணெய் ஊற்றி, ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு அடர்த்தி பார்ப்பேன். அது காட்டியதுதான் எனக்கு வேதவாக்கு.

ஒரு வியாழக்கிழமை காலையில் தெய்வநாயகி அம்மாள் கேனைத் திருப்பிக் கொண்டுவந்தார். வீட்டிலேயே பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறவர்.

“கிருஷ்ணாயில் வாசன வேற மாதிரி அடிக்குதுங்க. பெட்ரோல் நெடி கீது.”

வரிசைக்கே கேட்கும்படி சிரித்தேன். அவர் எதிரிலேயே அளந்தேன். “பாருங்க, சரியா நிக்குது. மூக்கு பொய் சொல்லும், இது சொல்லாது.”

வரிசையும் சிரித்தது. முகம் சிறுத்துப்போய்க் கேனைத் தூக்கிக்கொண்டு போனார்.

பதினோரு மணிக்கு அவர் வீட்டு ஸ்டவ் வெடித்தது. பம்ப் அடித்தவள் மருமகள் குணசுந்தரி, கல்யாணமாகி ஐந்து மாதம். எரிந்தது மாமியார். ஸ்டவ் வெடித்தால் மருமகள்தான் சாவாள் என்று பேப்பரில் படித்துப் பழகிய ஊர், இவளைக் கொலைகாரி என்றது.

அன்று சாயங்காலம் அதே எண்ணெயில் இரண்டு கரண்டி தட்டில் ஊற்றித் தீக்குச்சி காட்டினேன். நல்ல மண்ணெண்ணெய் அவ்வளவு லேசில் பற்றாது. இது குச்சி தொடுமுன்னே பற்றியது. பெட்ரோல் ஏற்றிய லாரியின் அடியில் மிஞ்சியதோடு மண்ணெண்ணெயை நிரப்பியிருக்கிறார்கள். அந்தக் கொஞ்சம் அடர்த்தியை அசைக்காது. தீப்பிடிக்கும் சூட்டைத்தான் அடியோடு இறக்கிவிடும். அதை அளக்க எங்களிடம் கருவி இல்லை. அந்த அம்மாளுக்கு மூக்கு இருந்தது.

மீதி எண்ணெயை விற்காமல் பூட்டிவைத்தேன். வாயை மட்டும் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அவ்வளவுதான் என் யோக்கியதை.

அதற்கப்புறம் செத்துப்போன அந்த அம்மாள் என்னை விடவில்லை. சோற்றைப் பிசைந்தால் பெட்ரோல் நெடி. கோயிலில் கற்பூரம் ஏற்றினால் பின்வாங்குவேன். எந்தப் பெண் கேனை நீட்டினாலும் காதோரம், “வாசன வேற மாதிரி அடிக்குதுங்க.”

ஏழாம் மாதம், தாங்காமல் களம்பூர் போனேன். தாய்வீட்டுக்குத் துரத்தப்பட்ட குணசுந்தரி ரைஸ் மில் களத்தில் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லி, அதையே எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதத்தை நீட்டினேன்.

“உங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டுங்கம்மா. உங்க மேல தப்பே இல்ல.”

“எப்போ தெரிஞ்சுதுங்க?”

“அன்னிக்கு சாயங்காலமே.”

கால் நின்றது.

“அத்தை மூணு நாள் உசுரோட இருந்தாங்க. எண்ணெ நல்லதுன்னு நீங்க அளந்து காட்டுனீங்களாம். அப்போ தப்பு என் கையிலதான்னு, சாகற வரைக்கும் என் மூஞ்ச பாக்காம திரும்பிப் படுத்துகினு இருந்தாங்க.”