நாற்பத்தாறு இஞ்ச் இடுப்பு

"நாப்பத்தாறு சைஸ யாரு போட்டுக் காட்டப் போறீங்க?"

சரக்கைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் பெண் நிலூஃபா இதைக் கேட்டதும், அதுவரை கலகலத்துக்கொண்டிருந்த பேக்கிங் தளம் கப்சிப் என்று அடங்கியது.

காலையிலிருந்து எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அடுக்கியிருந்த பெட்டிகளில் தானே கை காட்டியதைப் பிரிக்கச் சொல்லி, அரை டவுசர்களை உள்ளும் புறமும் திருப்பி, தையலை இழுத்து, பொத்தானை முறுக்கி, ஒரு பெட்டியைத் தூக்கித் தொப்பென்று தரையில் போட்டும் பார்த்துவிட்டாள். நாலு நூல் பிசிறைத் தவிர ஒன்றும் சிக்கவில்லை. பாக்கி இது ஒன்றுதான். டவுசரை வாங்குகிற டென்மார்க் கம்பெனியின் சட்டம் அப்படி: இருப்பதிலேயே பெரிய சைஸை ஒரு மனிதன் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும், உட்கார வேண்டும், குந்தவும் வேண்டும்.

"டிரைவர் ஷாஜஹானக் கூப்பிடு" என்றார் மேனேஜர் ஹாஜி லுத்ஃபர்.

"அவரு எங்க இருக்காரு ஹாஜியார்? சக்கரை வியாதி வந்து பாதி ஆளாயிட்டாரு" என்றாள் நூல் வெட்டுகிற மொர்ஜினா. "போன தடவை போட்டது இடுப்புல நிக்கவேயில்ல. நான் கண்ண மூடிக்கிட்டேன்."

"மூடினியாக்கும்!" என்றது பக்கத்து மேஜை.

டேப்பை எடுத்துக்கொண்டு ஓர் ஆள் நாலு மாடியும் ஏறி இறங்கினான். டாக்காவை ஒட்டிய இந்தக் காஜிபூரில் எந்த ஆலையில் தேடினாலும் இதே கதைதான், எல்லாம் ஒட்டிய வயிறு. வாட்ச்மேன் ஒருவர்தான் முப்பத்தெட்டு, அதுவும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றபோது.

"பொம்மைக்குப் போட்டா ஆகாதாம்மா?" என்று கேட்டார் ஹாஜியார்.

"பொம்மை குந்தாதே சாச்சா" என்றாள் நிலூஃபா.

போன் அடித்தது. முதலாளி.

"கன்டெய்னர் லாரி வாசல்லயே நிக்குதாமே? சாயங்காலம் அஸர் தொழுகைக்குள்ள கிளம்பலேன்னா சிட்டகாங்ல கப்பல் போயிடும். அப்புறம் சரக்கு ஏரோப்ளேன்லதான் போகணும். சரக்கு ஏரோப்ளேன்ல போனா நீங்க திங்கக்கிழமை வரவேணாம் ஹாஜியார்."

நெற்றியைத் துடைத்துக்கொண்டார் ஹாஜியார். முப்பது வருஷமாக டவுசரைப் பெட்டி பெட்டியாகக் கப்பலேற்றியவர், ஒன்றைக்கூடத் தன் காலில் நுழைத்ததில்லை. தொப்புளிலிருந்து முழங்கால் வரை மூடியிருப்பதுதான் ஆண்பிள்ளைக்கு லட்சணம் என்பார். ஹஜ்ஜுக்குப் போய் வந்த பிறகு அது இன்னும் கெட்டிப்பட்டுவிட்டது. போன வாரம் இஸ்திரிக்காரன் பாதல், நீராவிப் புழுக்கம் தாங்காமல் கழித்துப் போட்ட டவுசர் ஒன்றை மாட்டிக்கொண்டு நின்றான். "இது மானமுள்ளவங்க வேலை செய்யிற எடம்டா!" என்று அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார். ஆலைக்குள் அரை டவுசர் அணியத் தடை என்று சுவரில் அறிவிப்பும் ஒட்டினார், கையெழுத்தோடு.

அந்தப் பாதல் இன்று முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டு, வேலையைத் திரும்பக் கேட்கக் காலையிலிருந்தே கதவோரம் நின்றிருந்தான்.

"ஹாஜியார், அளக்காத இடுப்பு இன்னும் ஒண்ணு இருக்கு."

"யாருதுடா? சொல்லித் தொலையேன்!"

பாதல் சொல்லவில்லை. பார்த்தான். அவன் பார்த்த இடத்தை மொர்ஜினா பார்த்தாள், அப்புறம் தளமே பார்த்தது. யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"என் வயசென்ன, என் தாடியென்ன!"

"இடுப்பத்தான கேக்குறாங்க, தாடியவா கேட்டாங்க?" என்றாள் மொர்ஜினா.

நிலூஃபா டேப்பை நீட்டினாள். ஹாஜியார் தானே சுற்றிப் பார்த்துக்கொண்டார். நாற்பத்தாறு. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வெளியே லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான்.

டவுசரை வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போனவர், அதன்மேல் தன் லுங்கியையே கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"லுங்கிய எடுங்க சாச்சா."

"உள்ள போட்டிருக்கேம்மா. ஹஜ்ஜு பண்ணவன் பொய் சொல்லுவேனா? நம்பு."

"நம்பறதுக்கு என்னை அனுப்பல சாச்சா, பாக்கறதுக்குத்தான் அனுப்பியிருக்காங்க."

ஹாஜியார் தளத்தைப் பார்த்து அதட்டினார். "எல்லாரும் சுவத்தப் பாத்துத் திரும்புங்க! ஒருத்தி தலை இந்தப் பக்கம் வரக்கூடாது!"

திரும்பினார்கள். அறிவிப்பு ஒட்டியிருந்ததும் அதே சுவர்தான். மொர்ஜினா முதியோர் வகுப்பில் எழுத்துக்கூட்டப் படித்தவள். சும்மா நிற்பானேன் என்று உரக்க வாசிக்க ஆரம்பித்தாள்.

"ஆ... லைக்... குள்... அரை... டவு... சர்... ஏண்டி, கீழ கோணல்மாணலா இருக்கே, அது யாரு கையெழுத்து?"

"வாய மூடு மொர்ஜினா!"

"சுவத்தப் பாக்கச் சொன்னீங்க, பாக்கறேன்."

லுங்கி விழுந்தது. ஹாஜியார் நின்றார், நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார்.

"இப்ப குந்துங்க."

பிஸ்மில்லா சொல்லிக்கொண்டே இறங்கினார். துணி எந்த இடத்தில் முதலில் விடும், எப்படி டர்ரென்று போகும் என்று அவர் காதுக்கு அத்துபடி. மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்தார். தளமும் சுவரைப் பார்த்தபடி காத்திருந்தது.

சத்தம் வரவில்லை. இஸ்திரி மேஜைப் பக்கத்து மின்விசிறிக் காற்று மட்டும் வந்தது, நேராக முழங்காலுக்கு. ஆவணிப் புழுக்கத்தில் அவருடைய முழங்கால் அப்படியொரு சுகத்தைக் கண்டதில்லை.

"போதும், எந்திரிங்க சாச்சா."

"இருக்கட்டும்மா. நல்லாப் பாத்துக்க."

"பாத்தாச்சு. போட்டோ மட்டும் எடுத்துக்கறேன்."

"மூஞ்சி வேணாம்!"

"தாடிக்குக் கீழதான்."

சரக்கு தேறியது. அஸர் பாங்குக்கு முன்னால் லாரி புறப்பட்டது. லுங்கிக்குத் திரும்பிய ஹாஜியார் சுவரைக் காட்டி, "பாதல், அந்தக் காகிதத்தக் கிழிச்சுட்டுப் போய் வேலையப் பாரு" என்றார்.

"நான் கிழிச்சா அது ஒரு குத்தமாயிடும் ஹாஜியார். கையெழுத்துப் போட்டவங்களே..."

அவரே கிழித்தார். மறுநாள் இஸ்திரி மேஜையில் நின்ற ஆறு பேருக்கும் முழங்கால் தெரிந்தது. ஹாஜியார் அந்தப் பக்கம் போகும்போது கூரையைப் பார்த்துக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"டென்மார்க்லேருந்து பதில் வந்திருக்கு."

"குறை ஏதாச்சும் சொல்லியிருக்காங்களா?"

"குறையா! இவ்வளவு கச்சிதமா எந்த இடுப்புலயும் டவுசர் உட்காந்ததில்லையாம். இனிமே எல்லா ஆர்டருக்கும் பெரிய சைஸுக்கு இந்த ஆள்தானாம். மாசாமாசம் அளந்து அனுப்பணுமாம். ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது."

"டாக்டர் சோத்தக் குறைக்கச் சொல்லியிருக்காரு முதலாளி."

"டாக்டரா உங்களுக்கு வேலை குடுக்கறாரு?"

மதியம் ஹாஜியார் டிபன் டப்பாவைத் திறந்தார். டாக்டர் சொன்னபடி வீட்டிலிருந்து வந்தது இரண்டு ரொட்டியும் சுரைக்காயும். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மொர்ஜினா தன் டப்பாவிலிருந்து நெய் மணக்கும் கிச்சடியை ஒரு கரண்டி அள்ளி, கேட்காமலே அவர் தட்டில் வைத்தாள்.

"சாப்பிடுங்க ஹாஜியார். கப்பல் போயிடப்போவுது."