கோதுமை ஷோரோ

ஒரு காட்டின் விலை நூறு கிராம் மூவாயிரம் யென். சொன்னவர் ஒனோதெரா. காட்டுக்கு விலை சொல்கிறோம் என்பது அவருக்கே தெரியாது. காளானுக்கு என்று நினைத்துத்தான் சொன்னார்.

யாசுயோவின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. நாற்றுப்பண்ணை வைத்திருந்தாலும் அவள் கருவாட்டுக் கடைக்காரர் மகள். வேண்டிய சரக்கைப் பார்க்காதே, பக்கத்துச் சரக்கைப் பார் என்பது அவளுக்குப் பால்பல் விழும் முன்பே அத்துப்படி. ஆகவே கூடையில் வெள்ளை வெளேரென்று, நெல்லிக்காய் அளவில் உருண்டு கிடந்த அரிசி ஷோரோவை, பைன் மரத்தடியில் முளைக்கும் இளங்காளானையே, உற்றுப் பார்த்தாள். அவளுக்கு வேண்டியதோ ஓரமாகத் தள்ளிக் கிடந்த கோதுமை ஷோரோ. அதே காளான்தான், முற்றிப் பழுப்பேறி, அமுக்கினால் சேறாக வழியும். உணவகக்காரர்கள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். ஆனால் காளானின் விதைத்தூள் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

ஆழிப்பேரலை வாரிக்கொண்டு போன கடற்கரைக் காட்டை மறுபடி எழுப்ப, ஊர்ச் சங்கம் அவளிடம் ஆயிரத்து நூறு கரும்பைன் கன்று கேட்டிருந்தது. முந்தின வருஷமும் கொடுத்தாள். கோழியெருவும் மட்கிய இலையும் ஊட்டி, அரண்மனைப் பிள்ளைகளாக வளர்த்த கன்றுகள். மணலில் நட்ட மூன்றே மாதத்தில் எல்லாம் செம்பட்டையாகிப் போய்ச் சேர்ந்தன. பிடுங்கிப் பார்த்தால் வேரில் காளான் இழை ஒன்றுகூட இல்லை. அந்த இழை இல்லாமல் மணலில் தண்ணீரைத் தேடிப் பிடிக்கப் பைன் வேருக்குத் தெம்பு போதாது. வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைத்த வேர், இழையோடு கூட்டுச் சேரவும் இல்லை.

அதனால் இந்த வருஷம் எரு கிடையாது. மணல், கரித்தூள், ஒரு கை மரப்பட்டைத்தூள். ஆயிரத்து இருநூறு தொட்டி தயார். இலையுதிர் காலத்தில் சங்கத்தார் வந்து வேரைப் பார்ப்பார்கள். வெள்ளை இழை இல்லையென்றால் வேலை பக்கத்து ஊர்ப் பண்ணைக்குப் போய்விடும். இழைக்கு ஷோரோவின் விதைத்தூள் வேண்டும்; அலைக்குத் தப்பிப் பிழைத்த பைன் தோப்போ ஒன்றுதான், அது ஒனோதெராவுடையது.

“மூவாயிரமா! உள்ள முத்து கித்து இருக்கா ஒனோதெரா சான்?”

“முத்தைக் கழுத்துலதாம்மா போட முடியும். இதைச் சூப்புல போட்டுப் பாருங்க.”

“ரெண்டாயிரம்.”

“ரெண்டாயிரத்துக்குக் கூடையை மோந்து பாத்துட்டுப் போங்க.”

இரண்டாயிரத்து எழுநூற்றுக்குப் படிந்தது. பணத்தை எண்ணிக்கொண்டே, அப்போதுதான் கண்ணில் பட்டதுபோல, “அந்த வீணாப்போனதையும் கொசுறாப் போட்டுடுங்க. கோழிக்காவது ஆகும்” என்றாள்.

“அதுக்கென்ன, தாராளமா!” உள்ளே போனவர், துணியில் மூட்டை கட்டி வந்து இரண்டு கையாலும் நீட்டினார். கொடுத்தவர் எதிரில் பிரித்துப் பார்ப்பது மரியாதையில்லை. குனிந்து வாங்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் பிரித்துப் பார்த்தாள். கொசுறு உட்பட அத்தனையும் அப்பழுக்கில்லாத அரிசி ஷோரோ! அழுகின சரக்கை ஒரு வாடிக்கைக்காரர் கையில் கொடுப்பதா என்று வெட்கப்பட்டு, மனிதர் நல்லதையே அள்ளி வைத்துவிட்டார். விலையில் முந்நூறு யென்னுக்கு மேல் இறங்காதவர், மரியாதையில் கால் கிலோ விட்டிருந்தார்.

சைக்கிளை மிதித்தாள். ஒனோதெரா முள்ளங்கிப் பாத்தியோரம் மண்வெட்டியோடு நின்றார்.

“அந்தக் கோதுமை ஷோரோ எங்க?”

“பொதைச்சுட்டேன். யார் கண்ணுலயாவது பட்டா என் பேரு என்னாகிறது?”

“ஐயோ, தோண்டுங்க!” சொல்லிக்கொண்டே மண்டியிட்டு, கையாலேயே பறித்தாள்.

ஒனோதெரா மண்வெட்டியை ஊன்றி வேடிக்கை பார்த்தார். “கோழி மேல இவ்ளோ பாசமா?”

கருவாட்டுக் கடைச் சாமர்த்தியம் அதோடு போயிற்று. தண்ணீரில் கரைத்துத் தொட்டிகளுக்கு ஊற்றப்போவது வரை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“அப்படின்னா, ஊர்க்காடு முழுக்க ஷோரோ முளைக்குமா?”

“சில மரத்தடியில முளைக்கும். நாலஞ்சு வருஷம் ஆகும்.”

“நல்லா இருக்கே! அப்புறம் எங்கிட்ட எவன் வாங்குவான்? என் கடைக்கு நானே பூட்டுப் போடவா?” மண்வெட்டியைக் குழியின் குறுக்கே வைத்துவிட்டார்.

நியாயமான கேள்வி. யாசுயோ மண் ஒட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். “உங்க தோப்புல இப்ப எத்தனை மரம்?”

“பதினேழு.”

“போன வருஷம்?”

“...இருபத்தி மூணு. உப்புத்தண்ணி பட்டதுலேருந்து ஒண்ணொண்ணாப் போகுது.”

“பதினேழும் போனா எதை விப்பீங்க?”

ஒனோதெரா கடல் பக்கம் திரும்பி, விரல்விட்டு எதையோ எண்ணினார். பிறகு குறுக்கே இருந்த மண்வெட்டியை எடுத்தார். “எனக்கு நூறு கன்னு.”

“நாப்பது.”

“எம்பது.”

“அறுபது. குழியும் நானே வெட்டித் தரேன்.”

“எழுபது. குழியை நான் பாத்துக்கறேன். பொதைக்கிறதுலதான் நான் கெட்டிக்காரன்னு பாத்தீங்களே!”

சிரித்துக்கொண்டே இரண்டு பேருமாகத் தோண்டினார்கள். கிடைத்த சேற்றை வாளித் தண்ணீரில் பிசைந்து, தொட்டிக்கு ஒரு குவளை வீதம் ஊற்றினாள். அரிசி ஷோரோ மதியச் சூப்பாயிற்று.

அக்டோபரில் சங்கத் தலைவர் தன் கையாலேயே பன்னிரண்டு கன்றைப் பிடுங்கினார். பதினொன்றின் வேரில் பஞ்சு நூற்றதுபோல வெள்ளை இழை. “இது போதும். லாரி எப்ப அனுப்பட்டும்?” என்றார். யாசுயோ நோட்டைத் திறந்து எழுதினாள்.

தொட்டி ஆயிரத்து இருநூறு. கோடையில் காய்ந்தது முப்பத்தெட்டு. தலைவர் பிடுங்கியது பன்னிரண்டு. ஒனோதெராவுக்கு எழுபது, ஒன்று குறைத்துக் கேட்டதற்கு அவர் காது கேளாதவராகிவிட்டார். சங்கத்துக்கு ஆயிரத்து எண்பது. சங்கத்துக்குத் தர வேண்டிய பாக்கி இருபது கன்று, அடுத்த வசந்தத்தில்.